ஏரேஷன் டேங்க் திடீர்னு படுத்துக்குது, டாக்ஸிசிட்டி மீட்டர் வாங்கலாமா?

தம்பி கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன், புதுசா படிக்கறவங்களுக்கும் புரியணும். ஓசூர் சிப்காட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஈடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட், பாத்துக்கறாரு. 150 கேஎல்டி (தினம் 150 கிலோலிட்டர்) பிளான்ட், மெட்டல் முலாம் பூசற பிளேட்டிங் லைன், பெயின்ட் ஷாப், கேன்டீன், டாய்லெட் எல்லாமே கடைசில ஒரே ஏரேஷன் டேங்குக்குத்தான், அதாவது காத்து அடிச்சு பாக்டீரியாவ வெச்சு கழிவ தின்ன வைக்கற டேங்குக்குத்தான், வந்து சேருது. ஒரு திங்கக்கிழமை காலைல வந்து பாத்தா மேல வெள்ளை நுரை, கிளாரிஃபயர் (அடுத்து தெளிய வைக்கற டேங்க்) தண்ணி கலங்கல், அவுட்லெட் அம்மோனியா லிட்டருக்கு 2, 3 மில்லிகிராம்னு இருந்தது 35க்கு போயிருக்கு. கன்சல்டன்ட் வந்து பாத்துட்டு, வெளிச்சம் விடற பாக்டீரியா வெச்சு தண்ணியோட விஷத்தன்மைய அளக்கற ஒரு டாக்ஸிசிட்டி மீட்டருக்கு பல லட்சம் கொட்டேஷன் குடுத்துட்டு போயிருக்காரு. வாங்கலாமா வேணாமா, வாங்கலைன்னா வேற எப்படி கண்காணிக்கறது. இதான் கேள்வி.

இப்போதைக்கு வாங்காதீங்க தம்பி. மெஷின் மோசம்னு சொல்லல, நல்ல மெஷின்தான். ஆனா உங்க பிளான்ட்ல விஷம் வருதுன்னு அது கத்தினாலும் அந்த தண்ணிய திருப்பி விட உங்ககிட்ட ஒரு காலி டேங்க் இருக்கா? நீங்க எழுதினத பாத்தா எல்லா தண்ணியும் மொதல்ல கலக்கற ஈக்வலைசேஷன் டேங்க் எப்பவும் நெறஞ்சே ஓடுது, பிளேட்டிங் தண்ணி ட்ரீட் ஆனதும் நேரா அதுலதான் விழுது. அப்ப அலாரம் அடிக்கும், நீங்க பாத்துக்கிட்டு நிப்பீங்க, அவ்வளவுதான். மொதல்ல பிடிச்சு வெக்க எடம், அப்புறம்தான் மீட்டர். இந்த வரிசைய மாத்தி செலவு பண்ணின பிளான்டுங்க இந்த பெல்ட்ல நிறைய.

இன்னொண்ணு, ஆன்லைன் மானிட்டர்தான் இருக்கே அதுல தெரியாதான்னு கேட்டிருந்தீங்க. தெரியாது. 2014ல சிபிசிபி (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்) அதிகமா மாசு பண்ற 17 வகை தொழிலுக்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஆன்லைன் மானிட்டர் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டதுல இருந்து எல்லாரும் பிஎச், டிஎஸ்எஸ் (மிதக்கற திடப்பொருள்), சிஓடி, பிஓடி (ரெண்டும் தண்ணில இருக்கற கரிமக் கழிவோட அளவு), ஃப்ளோனு வெச்சிருக்காங்க, அது பெரும்பாலும் வெளிய போற தண்ணிக்கு. சிஓடிங்கறது தட்டுல சோறு எவ்வளவு இருக்குன்னு சொல்லும், அதுல விஷம் கலந்திருக்கான்னு சொல்லாது. நிக்கல் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வந்தாலும் சிஓடி மீட்டர் அசையாது. அவுட்லெட்ல ரீடிங் ஏறும்போது உள்ள பாக்டீரியா செத்து ஒரு நாள் ஆகியிருக்கும்.

சரி, இப்ப உங்க திங்கக்கிழமைக்கு வருவோம். நீங்க போட்ட லாக்ஷீட் விவரத்துல எனக்கு கண்ணுல பட்டது அம்மோனியா இல்ல, டிஓ, அதாவது தண்ணில கரைஞ்சிருக்கற ஆக்ஸிஜன், லிட்டருக்கு மில்லிகிராம்ல. சனிக்கிழமை வரைக்கும் 1.8, 2.0னு போய்க்கிட்டிருந்த டிஓ ஞாயித்துக்கிழமை ராத்திரி 5.5க்கு ஏறியிருக்கு, காத்து அடிக்கற ப்ளோவர் அதே ஒரு ப்ளோவர்தான், லோடும் (உள்ள வர்ற கழிவு) கேன்டீன் தவிர பெருசா குறையல. ஆபரேட்டர் பையன் நல்ல ரீடிங்னு நினைச்சு டிக் போட்டுட்டான். அவன தப்பு சொல்ல முடியாது, டிஓ 2க்கு மேல இருக்கணும்னு மட்டும்தானே நாம சொல்லிக் குடுத்திருக்கோம், மேல எவ்வளவு வரைக்கும்னு யாரு சொன்னா? காத்து அதேதான், சாப்பாடும் வருது, ஆனா ஆக்ஸிஜன் மிஞ்சுதுன்னா அத மூச்சு விடறதுக்கு உள்ள ஆளு இல்லைன்னு அர்த்தம். இதவிட பெரிய டாக்ஸிசிட்டி மீட்டர் வேற இல்ல, அது ஏற்கனவே உங்க டேங்க்ல தொங்கிக்கிட்டிருக்கு. டிஓவுக்கு கீழ் லிமிட் மாதிரி மேல் லிமிட்டும் போட்டு அலாரம் வைங்க, லோடு மாறாம அரை மணில 1.5 ஏறினா போன் வரணும். அதே மாதிரி ஏரேஷன் டேங்க் பிஎச். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன நைட்ரேட்டா மாத்த 7.14 மில்லிகிராம் அல்கலினிட்டி (ஆசிட்ட தாங்கற கார சக்தி) செலவாகும், அதனால நைட்ரிஃபயர், அதாவது அப்படி மாத்தற பாக்டீரியா, வேலை செய்யறப்போ பிஎச் கொஞ்சம் கீழ இழுத்து நிக்கும், அது செத்துட்டா 7.0ல இருந்தது 7.5, 7.6னு மெல்ல மேல வரும். யாரும் கவனிக்கறதில்ல, ஏன்னா 7.6ம் பாஸ்தானே.

நைட்ரிஃபயர் ஏன் மொதல்ல போகுதுன்னா அது ரொம்ப மெதுவா வளர்ற சாதி. சிஓடி சாப்பிடற மத்த பாக்டீரியா மணிக்கணக்குல பெருகும், இதுக்கு ஒரு தடவ பெருகவே நாள் கணக்கு ஆகும், அதுவும் ஓசூர் டிசம்பர் குளிர்ல இன்னும் இழுக்கும். அதனால உங்க சிஓடி ரெண்டு மூணு நாள்ல சரியாகி அம்மோனியா மட்டும் மூணு நாலு வாரம் அடம் பிடிச்சா ஆச்சரியப்படாதீங்க.

இப்ப முக்கியமான விஷயம், உங்க ஸ்லட்ஜையே (டேங்க்ல இருக்கற பாக்டீரியா சேறு) வெச்சு டெஸ்ட் பண்றது. ஆக்ஸிஜன் அப்டேக் ரேட், சுருக்கமா ஓயூஆர், பாக்டீரியா ஆக்ஸிஜன குடிக்கற வேகம். பெரிய லேப் எல்லாம் வேணாம், ஒரு டிஓ மீட்டர், 300 மில்லி பிஓடி பாட்டில், மேக்னடிக் ஸ்டிரர், மீன் தொட்டிக்கு போடற ஏர் பம்ப் போதும். ஏரேஷன் டேங்க் கடைசி பக்கத்துல இருந்து ரெண்டு லிட்டர் மிக்ஸ்டு லிக்கர் (ஸ்லட்ஜ் கலந்த தண்ணி) எடுத்துக்கங்க, பக்கெட்ல ஏர் பம்ப் போட்டு டிஓவ 6, 7க்கு ஏத்துங்க, பாட்டில்ல காத்துக்குமிழ் இல்லாம வழிய வழிய ஊத்தி டிஓ ப்ரோப சொருகிட்டு ஸ்டிரர ஓட விடுங்க. அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் ரீடிங். 6.5ல ஆரம்பிச்சு ஆறு நிமிஷத்துல 3.5 ஆச்சுன்னா நிமிஷத்துக்கு அரை மில்லிகிராம், மணிக்கு 30. உங்க எம்எல்விஎஸ்எஸ் (உத்தேசமா அந்த தண்ணில இருக்கற பாக்டீரியாவோட எடை) லிட்டருக்கு 2.5 கிராம்னா 30ஐ அதால வகுத்தா 12. இத தினமும் ஒரே நேரத்துல, ஒரே எடத்துல எடுத்து எழுதி வைங்க. மத்த பிளான்ட்ல 12ஆ 18ஆன்னு எல்லாம் பாக்காதீங்க, உங்க பிளான்டோட வழக்கமான நம்பர் என்னன்னு ஒரு மாசத்துல பிடிபட்டுடும், அதுக்கப்புறம் அதுல கால்வாசி கொறஞ்சாலே உஷாராகணும்.

இது டேங்க் எப்படி இருக்குன்னு சொல்லுது. வரப்போற தண்ணி விஷமான்னு தெரியணும்னா ரெண்டு பாட்டில் போடணும். ரெண்டுலயும் ஒரே ஸ்லட்ஜ், ரெண்டுலயும் ஒரே அளவு கேன்டீன் தண்ணி, ஒண்ணுல மட்டும் சந்தேகப்படற பிளேட்டிங் தண்ணி, அதுவும் டேங்குக்கு போனா எந்த விகிதத்துல கலக்குமோ அதே விகிதத்துல, இன்னொண்ணுல அந்த அளவுக்கு குழாத் தண்ணி, குளோரின் இல்லாததா பாத்து. அரை மணி ஏரேட் பண்ணி ரீடிங், முடிஞ்சா மூணு மணி நேரம் கழிச்சும் ஒரு ரீடிங். கன்ட்ரோல் 30, டெஸ்ட் 18ன்னு வந்தா பாக்டீரியாவோட மூச்சு 40 பர்சென்ட் அமுங்குது, அத திறந்து விடக்கூடாது. இது நானா கண்டுபிடிச்சது இல்ல, ஓஈசிடி 209னு உலகம் பூரா செய்யற டெஸ்டோட நாட்டு வடிவம், அதுல 3,5-டைகுளோரோஃபீனால் வெச்சு ஸ்லட்ஜ் ஒழுங்கா ரியாக்ட் பண்ணுதான்னு செக் பண்ணுவாங்க, உங்களுக்கு அவ்வளவு வேணாம்.

இதுல மூணு எடத்துல ஏமாறலாம். பிஎச்ச 7 பக்கம் கொண்டு வராம போட்டா ஆசிட்னாலயே அமுங்கும், அத பாத்து மெட்டல்னு நினைச்சுக்குவீங்க. கேன்டீன் தண்ணிய ரெண்டுலயும் போடலைன்னா புதுசா வந்த சாப்பாட்டுக்கு ஸ்லட்ஜ் பாய்ஞ்சு மூச்சு விடும், விஷம் அதுக்குள்ள மறைஞ்சுடும். மூணாவது பிளேட்டிங் வெச்சிருக்கறவங்களுக்கே உரியது, ஹெக்ஸாவலன்ட் குரோமியத்த ரெட்யூஸ் பண்ண சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போடறீங்க இல்ல, ஆபரேட்டர் கை தாராளமா இருந்தா மிச்ச சல்ஃபைட் தண்ணில நிக்கும், அது பாக்டீரியா இல்லாமலே ஆக்ஸிஜன குடிச்சுடும். டிஓ சர்ருனு இறங்கும், ஆகா ஸ்லட்ஜ் சூப்பரா இருக்குன்னு வால்வ தொறந்து விட்டுடுவீங்க. அதனால ஸ்லட்ஜே இல்லாம, அதே விகிதத்துல பிளேட்டிங் தண்ணிய வெறும் தண்ணில கலந்து ஒரு பாட்டில் போட்டு பாருங்க, அதுலயும் டிஓ இறங்கினா அந்த அளவ கழிச்சுக்கங்க.

லிமிட்டுக்குள்ளதான் சார் விடறோம்னு பிளேட்டிங் சூப்பர்வைசர் சொல்லுவாரு. பொது சாக்கடைக்கு விடற விதில காப்பர் 3, நிக்கல் 3, ஹெக்ஸாவலன்ட் குரோமியம் 2, சயனைட் 2, ஜிங்க் 15னு இருக்கு, எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம். அமெரிக்க சுற்றுச்சூழல் ஏஜென்சி ஈபிஏவோட கைடுல ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் காப்பர் 1 பக்கத்துலயே, நிக்கல் 1ல இருந்து 2.5க்குள்ளயே முனக ஆரம்பிக்கும்னு போட்டிருக்கு. ஊர் சாக்கடைல அது பல மடங்கு தண்ணியோட கலந்துடும்னு வெச்ச நம்பர் அது, உங்க 150 கேஎல்டில அந்த கலப்பு எங்க இருக்கு? அதுவுமில்லாம எலக்ட்ரோலெஸ் நிக்கல் மாதிரி பாத்ல (முலாம் பூசற கெமிக்கல் தொட்டி) சிட்ரேட், அமோனியா எல்லாம் மெட்டல கட்டிப் பிடிச்சிருக்கும், சுண்ணாம்பு போட்டாலும் அடில இறங்காது, தெளிவா அழகா வரும், ஆனா கரைஞ்சே வரும்.

மெட்டல விட்டுட்டு வேற சந்தேகப் பட்டியலும் பாருங்க. கூலிங் டவருக்கு மாசத்துல ரெண்டு தரம் பயோசைட் (கிருமிக்கொல்லி) ஷாக் டோஸ் போடுவாங்க, அன்னிக்கு ப்ளோடவுன் (டவர்ல இருந்து திறந்து விடற தண்ணி) எங்க போகுது? சிஎன்சி கூலன்ட் மாத்தும்போது பழைய கூலன்ட் எங்க போகுது? அதுல நாத்தம் வராம இருக்கவே பயோசைட் கலந்திருக்கும். கொரோனாவுக்கு அப்புறம் ஹவுஸ்கீப்பிங் கான்ட்ராக்ட்ல குவாட்டர்னரி அமோனியம் டிஸ்இன்ஃபெக்டன்ட் கேன் கேனா வாங்கறாங்க, தரையில கிருமிய கொல்றது டேங்க்ல போயி மட்டும் சும்மா இருக்குமா. அப்புறம் ஆயுத பூஜை. நம்ம பக்கம் மெஷின் எல்லாம் டீசல், டீகிரீசர் போட்டு துடைச்சு கழுவி பொட்டு வெச்சு வாழமரம் கட்டறதுக்கு மொத ரெண்டு நாள் ஈடிபிக்கு வர்ற தண்ணிய பாத்தா பாவமா இருக்கும். அந்த வாரம் ஒவ்வொரு வருஷமும் பிளான்ட் படுக்கும், ஒவ்வொரு வருஷமும் ரூட் காஸ் அனாலிசிஸ் எழுதுவாங்க.

உங்க கேஸ்ல ஞாயித்துக்கிழமை ராத்திரிங்கறது எனக்கு பெருசா உதைக்குது. பிளேட்டிங் லைன் மெயின்டனன்ஸ் ஞாயிறுதான நடக்கும். பாத் டம்ப்போ (பழைய பாத்த கொட்டறது), முலாம உரிக்கற ஸ்ட்ரிப்பர் டேங்க் கழுவினதோ வந்திருக்கும். யாரும் ஒத்துக்க மாட்டாங்க, திட்டறதால வேலைக்கு ஆகாது, திட்டினா அடுத்த தரம் ராத்திரி ரெண்டு மணிக்கு தொறப்பாங்க. டம்ப் பண்ணணும்னா மொத நாள் ஒரு சீட்டு குடுங்க, நான் டேங்க் காலி பண்ணி வெக்கறேன்னு நீங்க போய் சொல்லுங்க, அது நடக்கும். கூடவே பிளேட்டிங் ட்ரைன்ல ஒரு கண்டக்டிவிட்டி மீட்டரும் (கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு காட்டும்) ஓஆர்பி ப்ரோபும் (ஆக்ஸிடைஸ் பண்ற கெமிக்கல் வந்தா காட்டும்) போடுங்க. ரெண்டும் டாக்ஸிசிட்டி அளக்காது, ஆனா வழக்கமா 2,000 மைக்ரோசீமன்ஸ்ல போற ரின்ஸ் (பார்ட்ஸ அலசற) தண்ணி 15,000 ஆச்சுன்னா அது ரின்ஸ் இல்ல, பாத்துன்னு பச்சப்புள்ள கூட சொல்லும். குரோமிக் ஆசிட், ஹைப்போ (ப்ளீச்) வந்தா ஓஆர்பி மேல குதிக்கும். லட்சத்துல இல்ல, ஆயிரங்கள்ல முடியற வேலை.

இப்ப அந்த காலி டேங்க் விஷயம். பிளேட்டிங், பெயின்ட் ஷாப் தண்ணிக்கு மட்டும் ரெண்டு டேங்க், ஒவ்வொண்ணும் ஒரு ஷிஃப்ட் தண்ணி பிடிக்கற மாதிரி. ஒண்ணு நெறையும்போது இன்னொண்ண டெஸ்ட் பண்ணி, பாஸ் ஆனாதான் ஈக்வலைசேஷனுக்கு. உங்க டெஸ்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், தண்ணி நிக்கறது எட்டு மணி நேரம், அப்ப கண்காணிப்புன்னு சொல்லலாம். இப்ப இருக்கற பம்ப் சம்ப்ல தண்ணி இருபது நிமிஷம்தான் நிக்குது, அங்க எந்த நாட்டு மீட்டர் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. ஒரு எச்சரிக்கை, உங்க லைன்ல சயனைட் இருந்தா அதுவும் ஆசிட் ரின்ஸும் ஒரே ஹோல்டிங் டேங்க்ல சேரவே கூடாது, ஹைட்ரஜன் சயனைட் கேஸ் வரும், ஆள் செத்துடுவாங்க. சயனைட்ட தனியா பிஎச் 10க்கு மேல வெச்சு ஹைப்போ போட்டு உடைச்சப்புறம்தான் மத்த பேச்செல்லாம்.

வெளிச்ச பாக்டீரியா மீட்டர் பத்தி நேர்மையா சொல்லணும்னா, அது அலிவிப்ரியோ ஃபிஷெரினு ஒரு கடல் பாக்டீரியா. விஷம் பட்டா வெளிச்சம் மங்கும், 5, 15, 30 நிமிஷத்துல எவ்வளவு மங்கிச்சுன்னு படிக்கறாங்க, ஐஎஸ்ஓ 11348னு ஸ்டாண்டர்டே இருக்கு. வேகம்தான் அதோட பலம். ஆனா அது உப்புத்தண்ணி ஆளு, சாம்பிள்ல 2 பர்சென்ட் உப்பு போட்டுத்தான் டெஸ்ட், ஃப்ரீஸ் ட்ரை பண்ணின பாக்டீரியாவ மைனஸ் 20ல வெக்கணும், கரண்ட் போனா ஜெனரேட்டர் லைன்ல அந்த ஃப்ரீசர் இருக்கணும். எல்லாத்தையும் விட, அதுக்கு விஷமா இருக்கறது உங்க ஸ்லட்ஜுக்கு விஷமா இருக்கணும்னு இல்ல, அதுக்கு ஒண்ணும் ஆகாதது உங்க நைட்ரிஃபயர கொல்லலாம்.

இது புரியணும்னா தர்மபுரி, அரூர் பக்கத்து சேகோ ஃபேக்டரிய பாருங்க. மரவள்ளில லினமாரின்னு ஒண்ணு இருக்கு, கிழங்க அரைக்கும்போது அது உடைஞ்சு சயனைட் வரும், அந்த தண்ணி புளிச்ச நாத்தத்தோட நேரா பயோகேஸ் டைஜஸ்டருக்கு போகுது. அந்த டைஜஸ்டர்ல கேஸ் விடற நுண்ணுயிர் (மெத்தனோஜென்) தினம் தினம் அந்த சயனைட்ட பாத்து பழகிப்போச்சு, கேஸ் விட்டுக்கிட்டு ஓடுது. அதே தண்ணிய டாங்கர்ல கொண்டு வந்து உங்க ஓசூர் ஏரேஷன் டேங்க்ல ஊத்தினா நைட்ரிஃபிகேஷன் அன்னிக்கே நின்னுடும். கடல்ல இருந்து வந்த பாக்டீரியா ரெண்டுக்கும் ஒரே பதில்தான் சொல்லும். நாப்பது அம்பது கம்பெனி டாங்கர் லாரில தண்ணி கொண்டு வந்து இறக்கற பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு அந்த மீட்டர் போட்ட காசுக்கு ஏத்தது, ஏன்னா லாரிய கேட்ல நிறுத்தி வெச்சு அரை மணில முடிவு சொல்லலாம், வேணாம்னா திருப்பி அனுப்பலாம். உங்களுக்கு அந்த அவசியம் இல்ல.

மீன் டெஸ்ட் வெச்சா என்னன்னு இன்னொருத்தர் கேட்டிருந்தாரு. மீன் டெஸ்ட் விதியிலயே இருக்கு, தண்ணி கலக்காத முழு எஃப்ளுவென்ட்ல (வெளிய விடற கழிவுநீர்) 96 மணி நேரம் கழிச்சு 90 பர்சென்ட் மீன் உயிரோட இருக்கணும்னு. அது ஆத்துக்கு போற தண்ணிக்கு. பிளான்ட காப்பாத்த நாலு நாள் காத்திருக்க முடியுமா?

வெளி லேப்ல பிஓடி குடுக்கறீங்க இல்ல, ரிப்போர்ட் மட்டும் வாங்காம ஒவ்வொரு டைல்யூஷனுக்கும் வந்த நம்பர் இருக்கற ஒர்க்ஷீட்ட கேளுங்க. 27 டிகிரில மூணு நாள் பிஓடிதான் நம்ம ஊர்ல. நாலு பர்சென்ட் டைல்யூஷன்ல 80, ஒரு பர்சென்ட்ல 210ன்னு, தண்ணி சேர்க்க சேர்க்க பிஓடி ஏறிக்கிட்டே போனா அந்த சாம்பிள்ல விஷம் இருக்கு, அத கரைச்சு விட்டதும்தான் பாக்டீரியா சாப்பிட ஆரம்பிக்குது. லேப்காரங்க ரெண்டையும் ஆவரேஜ் பண்ணி 145ன்னு அனுப்பிடுவாங்க, அதுல இருந்த ஒரே நல்ல தகவல் போச்சு.

மைக்ராஸ்கோப் இருந்தா தினமும் ஒரு சொட்டு பாருங்க. வோர்டிசெல்லான்னு காம்பு வெச்ச மணி வடிவ பூச்சி, வாய் ஓரத்துல ரோமம் சுத்திக்கிட்டே இருக்கும், தட்டினா காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருளும். நல்ல ஸ்லட்ஜ்ல கொத்து கொத்தா நிக்கும். விஷம் வந்தா ரோமம் சுத்தறது நின்னு வாய் மூடிக்கும், அப்புறம் தலை கழண்டு போயி வெறும் காம்பு மட்டும் நிக்கும். வெறும் காம்பா பாத்தீங்கன்னா லேப் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்காதீங்க, இன்லெட்ட மூடுங்க. நுரைய மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஓசூர் கெலவரப்பள்ளி டேம்ல பொங்கற மாதிரி சோப்பு தண்ணி வந்தாலும் வெள்ளை நுரைதான், ஸ்லட்ஜ் செத்தாலும் வெள்ளை நுரைதான்.

இப்ப படுத்துட்ட டேங்க எழுப்பறது. பிளேட்டிங் தண்ணிய முழுசா நிறுத்துங்க, கேன்டீன், டாய்லெட் மட்டும் பாதி லோடுல விடுங்க, காத்து நிறுத்தாதீங்க. சாணி கரைச்சு ஊத்தச் சொல்லுவாங்க, வேணாம், அது காத்தில்லாத எடத்துல வாழற கூட்டம், உங்களுக்கு நார்க்குப்பையும் சிஓடியும்தான் மிஞ்சும். பாக்கெட் பயோகல்ச்சர் விக்கறவங்களுக்கும் இதே பதில்தான், நைட்ரிஃபயர் பவுடரா வந்து உக்காந்துடாது. பக்கத்துல நல்லா ஓடற எஸ்டிபி (வீட்டுக் கழிவுநீர் பிளான்ட்), அவுட்லெட்ல அம்மோனியா குறைவா வர்ற எஸ்டிபியா பாத்து ஒரு டாங்கர் ரிட்டர்ன் ஸ்லட்ஜ் (கிளாரிஃபயர் அடில இருந்து திரும்பி வர்றது) கேளுங்க, அபார்ட்மென்ட்காரங்க தூக்கிப் போடறததான கேக்கறோம், குடுத்துடுவாங்க. சாப்பாடு பத்தலைன்னா வெல்லம், யூரியா, டிஏபி ஓகே, ஆனா அம்மோனியா ஏற்கனவே 35ல நிக்கும்போது யூரியா எதுக்கு? அத மட்டும் நிறுத்துங்க, உங்க லாக்ல தினம் போட்டுக்கிட்டிருக்கீங்க.

வெளிய எடுத்துப் போடற பழைய ஸ்லட்ஜ்ல ஒரு கிலோ எடுத்து காய வெச்சு நிக்கல், குரோமியம், காப்பர், ஜிங்க் பாக்க குடுங்க, ரெண்டு மாசம் முன்னாடி எடுத்த கேக் (பிழிஞ்சு காஞ்ச ஸ்லட்ஜ்) ஏதாவது மூட்டைல கெடந்தா அதையும் சேர்த்து. தண்ணில வந்த விஷம் ஓடிப்போயிடும், ஸ்லட்ஜ் பிடிச்சு வெச்சிருக்கும், எந்த மெட்டல் ஏறியிருக்கோ அந்த லைன்ல போய் நின்னு பேசலாம். ஏறியிருந்தா அந்த ஸ்லட்ஜ எந்த தோட்டத்துக்கும் குடுத்துடாதீங்க, ரோஜாவுக்கு உரம்னு கேட்டு வருவாங்க. அது கும்மிடிப்பூண்டி மாதிரி அபாயக் கழிவுக்குன்னு அனுமதி வாங்கின எடத்துக்குத்தான் போகணும்.

மேனேஜ்மென்ட் அந்த மீட்டருக்கு ஒதுக்கின காச குடுக்க ரெடின்னா, ரெண்டு ஹோல்டிங் டேங்க், பிளேட்டிங் ட்ரைன்ல கண்டக்டிவிட்டி, ஓஆர்பி, இன்லெட்ல மணிக்கு ஒரு பாட்டில் பிடிச்சு வெக்கற ஆட்டோ சாம்ப்ளர், நல்ல டிஓ மீட்டர் ஒண்ணு, பழைய மைக்ராஸ்கோப் ஒண்ணு கேளுங்க. ஆட்டோ சாம்ப்ளர் 24 மணி நேரத்தையும் ஒரே கேன்ல கலக்கற மாடல் வேணாம், அரை மணி நேரம் வந்துட்டு போன விஷம் அதுல கரைஞ்சு காணாம போயிடும், தனித்தனி பாட்டிலா இருக்கற மாடல்தான். சிவில் வேலைக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும்னு சொல்லுவாங்க, அதுவரைக்கும் சின்டெக்ஸ் டேங்க் ரெண்ட வெச்சாவது பாத் டம்ப்ப மட்டும் தனியா பிடிங்க.